முன்பள்ளியில் சாப்பாடு கொடுத்தால் பிள்ளை நன்றாகப் படிக்குமா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஊர் முன்பள்ளியில் 22 பிள்ளைகள். அம்மாமார் முறை வைத்துக் காலைச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் சிலர் எழும்பி, "பிள்ளையைப் படிக்கத்தான் அனுப்பிறம், சாப்பிட இல்லை. இந்தச் செலவுக்கும் மினக்கேட்டுக்கும் இங்கிலீஷ் படிப்பிக்க ஒரு ரீச்சரைப் பிடிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, இருந்தால் எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று கேட்கிறார்.

தொடர்பு இருக்கிறது, தங்கச்சி. யார் என்ன சொன்னாலும் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். ஆனால் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைகளோடு நெடுங்காலம் வேலை செய்தவள் என்ற வகையில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாடு போட்டுவிட்டால் படிப்பு தானாக வந்துவிடாது. வயிறு நிறைந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ரீச்சர் இருக்க வேண்டும், அதோடு கதைக்க வேண்டும். அவர் அடுப்படியில் புகைக்குள் நின்றால் சாப்பாட்டின் பயனில் பெரும்பகுதி போய்விடும். உங்கள் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் இதுதான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். நாலைந்து வயதுப் பிள்ளையின் உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மூளைக்கே போகிறது. வாழ்நாளில் வேறு எந்த வயதிலும் மூளை இந்த அளவுக்குக் கேட்பதில்லை. அதே நேரம் சக்தியைச் சேமித்து வைக்கும் ஈரல் இந்த வயதில் சின்னது. இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்த பிள்ளைக்கு விடியும்போது சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். பெரியவர்கள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதியம் வரைக்கும் சமாளிக்கலாம். சின்னப்பிள்ளைக்கு அது ஏலாது. ஏற்கெனவே மெலிந்த, வளர்ச்சி குறைந்த பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு தவறுவது மற்றப் பிள்ளைகளை விட அதிகமாகப் பாதிக்கிறது என்பதை ஜமேக்காவில் 1980களிலேயே சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

பசித்த பிள்ளை "பசிக்குது" என்று சொல்வது குறைவு. "வயித்துக்க நோகுது" என்று சொல்லும். "அம்மாட்டப் போகப்போறன்" என்று அழும். பத்து மணியளவில் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும், அல்லது பாயில் குப்புறப் படுத்துவிடும். கதை சொல்லும்போது கண் ரீச்சரில் இருக்கும், ஆனால் "முயல் எங்க போச்சு?" என்று கேட்டால் பதில் வராது. "இது குழப்படிக்காரன்", "இது மந்தம்" என்று பெயர் வாங்கிக்கொண்டு தரம் 1க்குப் போன பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு கோப்பை அவித்த கௌபிப் பயறுதான். இதை நினைத்து நான் வருத்தப்படாத நாள் குறைவு.

வன்னியின் விடியற்காலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஆடைத் தொழிற்சாலை பஸ் விடியமுதல் சந்திக்கு வந்துவிடும். கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவர்கள் வெயில் ஏறமுதல் வயலில் நிற்க வேண்டும். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் இங்கே எவ்வளவு பேர்! பிள்ளையை வெளிக்கிடுத்துவது அம்மம்மாவோ, எட்டு வயது அக்காவோதான். வெறுந்தேத்தண்ணியும் இரண்டு மாரி பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவார்கள். அது யாருடைய அக்கறையின்மையும் இல்லை. வேலைக்குப் போகும் நேரமும் பிள்ளை சாப்பிடும் நேரமும் ஒன்றாக விழுந்துவிடுகின்றன. அதனால்தான் முன்பள்ளியில் கொடுக்கும் சாப்பாடு இந்த மண்ணில் வேறெந்த இடத்தையும் விடப் பெறுமதி வாய்ந்தது.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். இந்த இரண்டாவது எண், உலக சுகாதார நிறுவனம் மிக உயர்ந்தது என்று வகுத்திருக்கும் மட்டத்தைத் தொட்டு நிற்கிறது. இதெல்லாம் பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவர்கள்தான் இன்றைக்கு உங்கள் முன்பள்ளிப் பாயில் இருக்கிறார்கள்.

சரி, சாப்பாடு கொடுத்தால் படிப்பில் என்ன மாறும்? இதற்கு எனக்குத் தெரிந்த மிக நேரடியான பதில் கென்யாவிலிருந்து வருகிறது. அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் 50 முன்பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் 25இல் மட்டும் காலைக் கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். செய்தவர்கள் கிறிஸ்டல் வெர்மீர்ஷ், மைக்கேல் கிரெமர் என்ற இரண்டு பொருளியலாளர்கள். கிரெமர் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். கஞ்சி இல்லாத இடங்களில் வரவு 27 சதவீதமாக இருந்தபோது, கஞ்சி கொடுத்த இடங்களில் 36 சதவீதத்துக்கு ஏறியது. வராத பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அது எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு கண்டதுதான் முக்கியம். சோதித்துப் பார்த்தபோது, நல்ல பயிற்சியும் அனுபவமும் உள்ள ஆசிரியை இருந்த முன்பள்ளிகளில்தான் பிள்ளைகளின் புள்ளி கூடியிருந்தது. மற்ற இடங்களில் கூடவில்லை. கஞ்சி காய்ச்சி, ஊற்றி, கோப்பை கழுவி முடிப்பதற்குள் படிப்பிக்கும் நேரத்தில் ஒரு பகுதியும் போய்விட்டிருந்தது.

உங்கள் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தவர்கள் "மினக்கேடு" என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு மருந்து அடுப்பை அணைப்பது இல்லை. ரீச்சரை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான்.

ஜமேக்காவின் கிராமப் பாடசாலைகளில் செய்த இன்னொரு ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. காலைச் சாப்பாடு கொடுத்த பிறகு, ஒழுங்காக நடந்த வகுப்பில் பிள்ளைகள் வேலையில் கூடிய கவனம் வைத்தார்கள், தேவையில்லாத கதை குறைந்தது. இடநெருக்கடியும் ஒழுங்கின்மையும் இருந்த வகுப்புகளிலோ குழப்படி கூடியது. யோசித்தால் விளங்கும். பசி தீர்ந்த பிள்ளைக்குத் தெம்பு வருகிறது. அந்தத் தெம்புக்கு ஒரு வேலை கொடுக்க ஆள் இல்லையென்றால் அது ஓடத்தான் செய்யும்.

அதே நாட்டின் தலைநகர் கிங்ஸ்டனில் 1986, 87இல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சில குழுக்களாகப் பிரித்து இரண்டு வருடம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குப் பால்மா. இன்னொரு குழுவுக்கு, கிழமைக்கு ஒரு தடவை சுகாதாரத் தொண்டர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிக் கதைப்பது என்று தாய்க்குக் காட்டினார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். இரண்டு வருடம் முடிய மூன்று குழுவும் எதுவும் பெறாதவர்களை விட முன்னேறியிருந்தன. இரண்டும் கிடைத்தவர்கள் எல்லோரையும் விட முன்னே நின்றார்கள். இருபது வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோது, கதைத்து விளையாடப்பட்ட பிள்ளைகளின் உழைப்பு மற்றவர்களை விட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. பால்மா மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நிலைத்த பயன் எதுவும் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. சாப்பாடு பிள்ளையைக் கேட்கவும் பார்க்கவும் தயாராக்குகிறது. அந்த நேரத்தில் ஒருவர் அதோடு கதைத்தால்தான் அது படிப்பாகிறது.

இப்போது சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தட்டுகளை ரீச்சரே வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் அந்த வேலையை நாலு வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் விட்டிருந்தார். அவள் தட்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாயில் இருந்த ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனாள். கடைசியில் இருந்த பொடியனுக்குத் தட்டு இல்லை. "ரீச்சர், ஒண்டு காணாது" என்றாள். "நேற்றுச் சரியாய் இருந்ததே, இண்டைக்கு ஏன் காணாது?" என்று ரீச்சர் கேட்டார். பிள்ளை தன் வெறுங்கையைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், பிறகு அந்தப் பொடியனைச் சுட்டி, "நேற்று இவன் வரேல்லை" என்றாள்.

அதற்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு தட்டு என்று பொருத்தத் தெரிந்திருக்கிறது. எண்ணிக்கை குறைவதைக் கண்டுகொண்டாள். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுக் காரணம் சொன்னாள். தரம் 1இல் கணிதம் என்று கொப்பியில் எழுதப்போவதன் அத்திவாரம் இதுதான். "ஒண்டு, ரெண்டு" என்று நூறு வரைக்கும் பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கூட, குறைய, அரைவாசி, மிச்சம், சூடு, ஆறினது, முதல், பிறகு என்ற சொற்களெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் காரணத்தோடு வருகின்றன. "உனக்கு இன்னும் வேணுமா, காணுமா?" என்ற கேள்விக்குப் பிள்ளை உண்மையாக யோசித்துப் பதில் சொல்லும். ஏனென்றால் அந்தப் பதிலில் அதற்கு ஒரு தேவை இருக்கிறது.

கையையும் மறக்கக்கூடாது. சோற்றைக் குழைத்து உருண்டையாக்குவது, அவித்த முட்டையின் கோதை உரிப்பது, கௌபியை ஒவ்வொன்றாக விரலால் எடுப்பது எல்லாம் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்குப் பயிற்சி. அதனால் நேரம் மிச்சம் பிடிக்க ஊட்டிவிட வேண்டாம். சிந்தட்டும். சிந்தினதைத் தானே கூட்டி அள்ளவும் பழகட்டும்.

இங்கிலீஷ் ரீச்சர் பற்றிக் கேட்டவர்களுக்கு என்னுடைய எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று, நாலு வயதில் கொப்பியில் எழுத்தை எழுதி எழுதி நிரப்ப வைப்பது படிப்பு இல்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் இப்போது முன்பள்ளி வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. பெற்றோரின் ஆசை எனக்கு விளங்குகிறது. எல்லாவற்றையும் இழந்த ஊர்களில் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் கையில் மிஞ்சிய சொத்து. ஆனால் தன் தாய்மொழியில் தாராளமாகக் கதைக்கிற, கேள்வி கேட்கிற, பசியில்லாத பிள்ளைதான் பிறகு எந்த மொழியையும் கெதியாகப் பிடிக்கும். இங்கிலீஷில் நாலு பாட்டுச் சொல்லிக் கொடுங்கள், நல்லதுதான். சாப்பாட்டுக் காசை மட்டும் அதற்கு மாற்ற வேண்டாம்.

எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு நம் வன்னியில் பதில் தேடி எங்கும் போகத் தேவையில்லை. கௌபி, பயறு, உளுந்து, கச்சான், எள்ளு, குரக்கன் எல்லாம் இங்கே விளைகிறவை. கௌபியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கௌபி ஒரு பிள்ளைக்கு 50 கிராம் என்று வைத்தால் 22 பிள்ளைக்கு ஒரு கிலோ 100 கிராம் காணும். அந்த 50 கிராமில் கிட்டத்தட்ட 12 கிராம் புரதம் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்குத் தேவை 19 கிராம் அளவுதான். ஒரு வேளையிலேயே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. மேலே ஒரு பிடி தேங்காய்ப்பூ போட்டால் கொழுப்பும் சேரும், வாய்க்கும் நன்றாக இருக்கும். முதல்நாள் இரவே ஊறப்போட்டால் கெதியாக அவியும், விறகும் மிச்சம், வயிற்றில் வாயுவும் குறையும். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு 30 கிராம் போதும், நன்றாகக் குழைய அவித்துக் கொடுங்கள்.

கிழமையில் இரண்டு நாள் கௌபி, பயறு போன்ற அவியல், ஒரு நாள் சோறும் பருப்பும் முட்டையும், ஒரு நாள் இலைக்கஞ்சி, இன்னொரு நாள் உளுத்தம்மாவோ குரக்கனோ கலந்த புட்டு என்று வைத்துக்கொள்ளலாம். முட்டைக்குக் காசு காணாவிட்டால் நெத்தலியை நன்றாக வறுத்து இடித்துச் சோற்றில் தூவுங்கள். தலையும் முள்ளும் சேர்ந்து போவதால் கல்சியமும் கிடைக்கும். உப்பைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் வறுக்க வேண்டும்.

இரும்புச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் இரும்புச்சத்துக் குறைந்தால் கவனமும் நினைவும் பாதிக்கப்படுகின்றன. பிள்ளை சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும். கீரை, பயறு, கௌபி எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே விற்றமின் சி போனால் அது கூடும். அதனால் முருங்கை இலைச் சுண்டலில் இறக்கின பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுங்கள். இதற்கு நேர் எதிரான வேலையைத் தேத்தண்ணி செய்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சமைக்கிற அம்மாமார் அன்பாகச் சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதை நான் நிறைய இடங்களில் கண்டிருக்கிறேன். முன்பள்ளியில் அதை முழுதாக நிறுத்திவிடலாம். தண்ணீர் காணும்.

கச்சானில் இரண்டு கவனம் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சானோ முழுக் கடலையோ கொடுக்கக்கூடாது. சிரிக்கும்போதும் ஓடும்போதும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இடித்து மாவாக்கி, சர்க்கரையோடு உருண்டை பிடித்தோ, சத்துமாவில் கலந்தோ கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த, கசக்கிற கச்சானை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கவே வேண்டாம். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் போகாது, ஈரலைத் தாக்கும். யாருக்காவது கச்சான், முட்டை, மீன் ஒத்துக்கொள்ளாதா என்று தாய்மாரிடம் முதலிலேயே கேட்டு ரீச்சர் எழுதி வைத்திருக்க வேண்டும்.

எப்போது கொடுப்பது? எட்டு, எட்டரைக்குத் தொடங்கும் முன்பள்ளிகளில் பத்து மணிக்குத்தான் சாப்பாடு என்பது வழமை. வீட்டில் சாப்பிட்டு வந்த பிள்ளைக்கு அது சரி. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு அந்த ஒன்றரை மணித்தியாலமும் போய்விட்டது. முடிந்தால் ஒன்பது மணிக்கே கொடுங்கள். முடியாவிட்டால் வந்தவுடன் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாழைப்பழத் துண்டாவது கொடுங்கள். "யார் சாப்பிடேல்லை?" என்று கை உயர்த்தச் சொல்ல வேண்டாம். பிள்ளைக்கு அந்த வயதிலேயே வெட்கம் தெரியும்.

வீட்டிலிருந்து பிஸ்கட், பைக்கற் முறுக்கு கொண்டுவருவதையும் எல்லோருமாகச் சேர்ந்து நிறுத்துங்கள். ஒரு பிள்ளை சொக்லேட் பிஸ்கட் பைக்கற்றை உடைத்தால் மற்ற இருபது பேருக்கும் கௌபி கசந்துவிடும்.

இனி ரீச்சரின் நேரம். முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு கொடுப்பனவு. அவரிடம் சமையலையும் கோப்பை கழுவுவதையும் சுமத்துவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு அம்மாமார் என்று முறை வைத்தால், ஒருவர் சமைக்கலாம், மற்றவர் பரிமாறிக் கழுவலாம். பிள்ளைகள் சாப்பிடும்போது ரீச்சர் அவர்களோடு பாயில் இருந்து தானும் சாப்பிட வேண்டும். ஒரு கோப்பை ரீச்சருக்கும் சேர்த்துச் சமையுங்கள். அவரும் பல நாள் வெறும் வயிற்றோடுதான் வந்திருப்பார்.

முறையில் சமைக்க வர ஏலாத தாய்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாட்கூலியை விட்டுவிட்டு வரச்சொல்லிக் கேட்டால் அந்த வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது. அப்படியானவர்களிடம் வேறு விதமாக வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பயறு புடைத்துத் தரலாம், விறகு தரலாம், முற்றத்து முருங்கையில் இரண்டு கொப்பு முறித்துத் தரலாம். எதுவும் தர முடியாதவரின் பிள்ளையும் அதே தட்டில் அதே அளவு சாப்பிட வேண்டும். காசு தராதவர்களின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வராது. வர வேண்டியதே அந்தப் பிள்ளைதான்.

காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ஊரில் நெல் இருக்கும்போது வீட்டுக்கு இரண்டு கொத்து என்று சேர்த்து வைத்தால் பிந்திய மாதங்களுக்கு உதவும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கேட்காமலே அரிசியும் தேங்காயும் கொடுக்கிற சனம் நாங்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கமக்காரர் அமைப்பிடமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் நேரே போய்க் கதையுங்கள். வேலி இல்லாமல் மட்டும் முன்பள்ளித் தோட்டம் தொடங்க வேண்டாம். மாடும் குரங்கும் ஒரு கிழமைக்குள் துடைத்துவிடும். முருங்கையும் பப்பாசியும் நாலு மரம் நின்றாலே பெரிய உதவி.

அரசாங்க உதவியையும் விசாரியுங்கள். 2024 மார்ச்சிலிருந்து அரச பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. முன்பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் வேறானது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 60 ரூபாவாக இருந்ததை 100 ரூபாவாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். இது எல்லா முன்பள்ளிக்கும் தானாகக் கிடைப்பதில்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கண்டு, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் நிறை எடுத்த விபரத்தையும் எழுத்தில் கொடுங்கள். காசு பிந்தி வரும் மாதங்களும் உண்டு என்பதால் ஊர்ச் சேமிப்பைக் கைவிட வேண்டாம்.

இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. இன்றைய முன்பள்ளிப் பிள்ளைகளின் அம்மாமாரில் பலர், போர் முடிந்த 2009இல் தாங்களே பள்ளிப்பிள்ளைகள். வளர வேண்டிய வயதில் உப்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். பிறகு மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் மாதக்கணக்காக இருந்தவர்கள். தாய் வளரும் வயதில் பட்ட பட்டினி பிள்ளையின் பிறப்பு நிறையில் தெரியும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். அதன் மறுபக்கமும் உண்மை. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் பிள்ளைகளிடம் வளர்ச்சி குன்றுவது குறைவாக இருப்பதாக, இந்தியத் தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்தே தொடங்கியதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். உங்கள் முன்பள்ளியில் இன்று கௌபி சாப்பிடும் பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை.

கூட்டத்தில் ஆதாரம் கேட்பார்கள். ஒரு கொப்பி போடுங்கள். நாளாந்த வரவு, அன்றைக்குக் கொடுத்த சாப்பாடு, பத்தரை மணிக்குப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று ரீச்சர் இரண்டு வரி எழுதட்டும். சாப்பாடு தவறின நாளையும் எழுதட்டும். ஒரு தவணை முடிய அந்தக் கொப்பியே கதைக்கும்.

சுத்தம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது, கொதித்தாறிய தண்ணீர், சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது, மிஞ்சினதை அடுத்த நாளுக்கு வைக்காதது. இவை போதும். வயிற்றோட்டம் ஒன்று வந்தால் ஒரு மாதம் கொடுத்த சாப்பாட்டின் பயன் இரண்டு நாளில் போய்விடும். கிணற்றுத் தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிப் பார்ப்பித்துக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு இத்தனை செய்தும் நிறை ஏறாது, கவனமும் வராது. அப்போது சாப்பாட்டைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்களா, விற்றமின் ஏ தவறியதா என்று பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பாருங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் சீழ் வடிவதை "தானாய் மாறும்" என்று விட்டுவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கும் பிள்ளைக்குக் கண்ணைச் சோதிக்க வேண்டும். பதிவேட்டில் நிறைக்கோடு இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் கிடந்தால், அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருக்காமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாய்க்கு வேலையால் நிற்க ஏலாவிட்டால் அம்மம்மாவோடு ரீச்சரோ, முறையில் இருக்கும் இன்னொரு அம்மாவோ சேர்ந்து போகலாம். பதிவேட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.